திங்கட்கிழமை யாருக்கும் வலி இல்லை

"வலிய பூஜ்யத்துலேர்ந்து பத்துக்குள்ள ஒரு நம்பரா சொல்லுங்கம்மா" என்று யாராவது ஒரு நோயாளியிடம் கேட்பது காதில் விழுந்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். கேட்கிற பெண்மேல் கோபமில்லை. சின்னப் பெண், சொல்லிக்கொடுத்ததைக் கேட்கிறாள். ஆனால் அந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு பெரிய படிப்புப் படித்தவர்கள் ஆடிய ஆட்டத்தைக் கிட்டத்தில் நின்று பார்த்தவள் நான். சீ என்று ஆகிவிட்டது.

இப்போது நர்சிங் காலேஜ்களில் குவாலிடேட்டிவ் ரிசர்ச் என்று தனிப் பாடமே வைத்திருக்கிறார்களாம். நோயாளியை உட்காரவைத்து, அவர்கள் போக்கில் பேசவிட்டு, பேசியதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதி, அதிலிருந்து அவர்களுக்கு என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்வது. அவ்வளவுதான் விஷயம். மாநாடு நடத்துகிறார்கள், பை கொடுக்கிறார்கள், மதியம் பிரியாணி போடுகிறார்கள். நடக்கட்டும். தொண்ணூறுகளின் நடுவில் நான் அதைப் பற்றி வாயைத் திறந்தபோது எனக்குக் கிடைத்த மரியாதையைச் சொல்கிறேன்.

அப்போது நான் தாம்பரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் நடுவில், ஜிஎஸ்டி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாடியில் பெண்கள் அறுவை வார்டு. பாதிக் கட்டில்களில் கர்ப்பப்பை எடுத்தவர்கள். உதிரப்போக்கு என்று வருவார்கள், எடுத்துவிட்டு அனுப்புவார்கள். எடுத்தே ஆகவேண்டியவர்கள் அதில் எத்தனை பேர் என்பது எனக்குள் இன்னமும் இருக்கிற வேறு ஒரு எரிச்சல். அதை இங்கே கிளறவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் பின்னாலேயே ஒரு நர்சிங் காலேஜும் கட்டியிருந்தார்கள். அதற்குத் தலைவியாக இருந்தவரை நாங்கள் மேடம் என்றுதான் கூப்பிடுவோம். கஞ்சி போட்ட காட்டன் புடவை, காதில் சின்னத் தோடு, எப்போதும் கையில் ஒரு ஃபைல். அந்த அம்மாளை மொத்தமாகக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஒருமுறை மீட்டிங்கில் எங்கள் பெரிய டாக்டர், "நர்ஸுங்க ரிசர்ச் பண்ணி என்ன பண்ணப் போறீங்க? பெட்ஷீட்ட ஒழுங்கா விரிங்க போதும்" என்று எல்லோர் எதிரிலும் சொன்னார். மேடம் முகம் சுண்டிப்போனதை நான் பார்த்தேன். அன்றிலிருந்து அவருக்கு ஒரு வைராக்கியம். டாக்டர்கள் வாயை அடைக்கிற மாதிரி நம்பர் காட்ட வேண்டும். நம்பர் இல்லாவிட்டால் நர்ஸை எவனும் மதிக்கமாட்டான் என்பார். அதில் பொய்யும் இல்லை. அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

மேடத்தின் ஆய்வு இதுதான். ஆபரேஷன் ஆன பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம் படம் போட்ட அட்டைகளைக் காட்டி ஒரு பாடம் நடத்துவார். மூச்சை எப்படி இழுத்து விடுவது, இருமும்போது வயிற்றில் தலையணையை எப்படி அணைத்துக்கொள்வது, கட்டிலிலிருந்து எப்படி ஒருக்களித்து எழுவது. பாடத்தில் குறை சொல்ல மாட்டேன், நல்ல பாடம். பாடத்துக்கு முன்னால் சனிக்கிழமை ஒருமுறை வலிக்கு நம்பர் கேட்க வேண்டும். பின்னால் திங்கட்கிழமை காலை ரவுண்ட்ஸுக்கு முன் ஒருமுறை கேட்க வேண்டும். கேட்டு எழுதுகிற வேலை எனக்கு. மேடத்துக்கு மற்ற நாட்களில் வகுப்பு இருந்ததால் இந்தக் கிழமைகளை எடுத்துக்கொண்டார்.

நம்பர் வந்தது பாருங்கள், அப்படி வந்தது! சனிக்கிழமை எட்டு, ஏழு, ஒன்பது என்பார்கள். திங்கட்கிழமை எல்லோருக்கும் இரண்டு, ஒன்று. சிலருக்குப் பூஜ்யமே. மேடத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. "நம்ம டீச்சிங்கோட எஃபெக்ட் பாத்தீங்களா சிஸ்டர்?" என்று என் தோளைத் தட்டினார்.

எஃபெக்டாம், எஃபெக்ட்! சனிக்கிழமைதான் எங்கள் வார்டில் தையல் பிரிக்கிற நாள். பிரித்த கையோடு போய் வலி எவ்வளவு என்று கேட்டால் எட்டு சொல்லாமல் என்ன சொல்வார்கள்? அது ஒன்று. இன்னொன்று, இந்த வட்டாரத்து வார்டுகளில் ஒரு மாதம் வேலை பார்த்த எவருக்கும் தெரியும். திங்கட்கிழமை காலையில் யாருக்கும் வலி இருக்காது. ஏனென்றால் மறுநாள் செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போகமாட்டார்கள். போனால் திரும்பவும் கட்டிலுக்கே வரவேண்டியிருக்கும் என்று ஒரு பயம். முடிச்சூரிலிருந்து வருகிற நிலக்காரக் குடும்பங்களுக்கும் அந்தப் பயம் உண்டு, காலனிகளிலிருந்து வருகிற பேங்க் உத்தியோகக் குடும்பங்களுக்கும் உண்டு. என் அம்மாவே பித்தப்பை ஆபரேஷன் முடிந்து செவ்வாய்க்கிழமை டிஸ்சார்ஜ் என்றதும், "அந்த டாக்டருக்கு அறிவு இருக்கா?" என்று திட்டிக்கொண்டு ஒரு நாள் சும்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தவள்தான். வலி என்று சொன்னால் ரவுண்ட்ஸில் அனுப்பமாட்டார்கள். ஆக, திங்கட்கிழமை தப்பினால் புதன்கிழமைதான். புதனன்று அஷ்டமி வந்துவிட்டால் மறுநாள் நவமி, அதற்கும் அடுத்த நாள்தான். அதனால் திங்கட்கிழமை காலையில் பல்லைக் கடித்துக்கொண்டு தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டு எல்லோரும் சிரித்த முகமாக உட்கார்ந்திருப்பார்கள்.

இதை மேடத்திடம் போய்ச் சொன்னேன். "நம்பர் கேக்கறத கொஞ்சம் நிறுத்திட்டு, இவங்கள உக்காரவெச்சுப் பேச விடலாம் மேடம். எதுக்குக் குறைச்சுச் சொல்றாங்க, எதை மறைக்கறாங்க, வீட்டுல என்ன நெருக்கடி, அதையெல்லாம் அவங்க வாயாலேயே சொன்னா அதுவும் ஒரு ஆய்வுதானே? லைப்ரரியில வர ஜர்னல்ல படிச்சேன், இப்படியும் பண்றாங்க" என்றேன்.

மேடம் ஃபைலை மூடினார். "சிஸ்டர், சூப்பர்ஸ்டிஷன் எல்லாம் வேரியபிள் கிடையாது. பேஷன்ட்ஸ் சொல்ற கதையெல்லாம் எழுதிட்டுப் போய் டாக்டர்ஸ் முன்னாடி நின்னா சிரிப்பாங்க. உங்களுக்குக் கதை கேக்கணும்னா வீட்டுல ரேடியோ இருக்கு."

அட கண்றாவியே என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் முடிச்சூர்க்காரி ஒருத்தி எங்கள் வார்டுக்கு வந்தாள். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். ஏரிப்பாசன நிலமாக இருந்ததை அந்தக் குடும்பம் மனைமனையாகப் போட்டு விற்றுக்கொண்டிருந்தது. புருஷன் புது மோட்டார் பைக்கில் வந்து ஜன்னலருகே நின்று ஐந்து நிமிஷம் விசாரித்துவிட்டுப் போவான். கூடவே இருந்தது மாமியார். யார் எதைக் கேட்டாலும் பதில் மாமியார் வாயிலிருந்துதான் வரும். "தூங்கினீங்களா?" என்றால் "நல்லா தூங்கினா சிஸ்டர்." "சாப்ட்டீங்களா?" என்றால் "ரெண்டு இட்லி துன்னா." இவள் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். சனிக்கிழமை தையல் பிரித்தபின் நான் நம்பர் கேட்டபோது மட்டும் அவளே முந்திக்கொண்டு எட்டு என்றாள். மாமியார் திரும்பி ஒரு பார்வை பார்த்தது.

ஞாயிற்றுக்கிழமை மாடு கறக்கவேண்டும் என்று மாமியார் மத்தியானமே பஸ் பிடித்துப் போய்விட்டது. மேடம் பாடம் நடத்தி அட்டைகளை அடுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் அவள் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"இன்னா சிஸ்டர், நம்பரா?" என்றாள்.

"நம்பர் வேணாம். வீட்டுக்குப் போனதும் முதல்ல என்ன செய்வீங்க?"

சும்மா பேச்சுக்குக் கேட்டதுதான். அவள் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு, "படுக்கணும் சிஸ்டர். ஆனா வுடமாட்டாங்க" என்று சிரித்தாள். சிரிப்பு முடிவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதன்பிறகு அவளாகவே பேசினாள்.

மூத்த பெண் வயசுக்கு வந்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை மஞ்சள் நீராட்டு. பத்திரிகை அடித்து ஊர் முழுக்க வைத்தாகிவிட்டது. மைக் செட்டு, பந்தல் எல்லாம் சொல்லியாயிற்று. "அம்மாக்காரி எங்கன்னு கேட்டா இன்னா சொல்லுவாங்க? கர்ப்பப்பைய எடுத்துட்டாங்கன்னு மைக்லயா சொல்ல முடியும்? எங்க மாமியாரு யாருக்கும் சொல்லல சிஸ்டர். வயித்துவலின்னுதான் சொல்லி வெச்சுகீது. இந்தத் திங்கக்கிழம போகலன்னா செவ்வா ஆவாது, புதன் அஷ்டமியாம், வியாழன் நவமியாம். அப்பறம் விடிஞ்சா சடங்கு. அதனால நாளைக்கிப் போயே ஆவணும்."

"வலி இருக்கும்போது எப்படிப் போவீங்க?"

"அத்த ஏன் கேக்குறீங்க. உள்ள கொதிக்குது. நைட்டெல்லாம் குளிரு தூக்கிப் போடுது." குரலைத் தாழ்த்தினாள். "காய்ச்சல் இருந்தா அனுப்பமாட்டாங்கல்ல. அதனால நீங்க ஜொரம் பாக்க வர்றதுக்கு முன்னாடி மாத்தர போட்டுக்குவேன். மாமியாரு மெடிக்கல்ல வாங்கிகினு வந்து தலகாணிக்கு அடியில வெச்சுகீது. கீழ வெக்கிற துணி வேற நாறுது சிஸ்டர். யாருக்கும் தெரியக்கூடாதுன்னு நானே கசக்கிப் போட்டுடறேன்."

துணியைக் காட்டச் சொன்னேன். கூச்சப்பட்டாள். நான் வற்புறுத்தியபின் காட்டினாள். அந்த நாற்றத்தைப் புரிந்துகொள்ளப் படிப்பே வேண்டாம், மூக்கு இருந்தால் போதும். உள்ளே சீழ் கோத்துக்கொண்டிருந்தது.

"டாக்டர்கிட்ட சொல்லப்போறேன்" என்றேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம் சிஸ்டர். எந்த நம்பர் சொன்னா வூட்டுக்கு அனுப்புவாங்களோ அத்த எழுதிக்கோங்க. வெள்ளிக்கிழம முடியட்டும். சனிக்கிழம நானே ஆட்டோ புடிச்சு வந்து படுத்துக்கறேன், சத்தியமா."

நான் எழுதவில்லை. நேரே டூட்டி டாக்டரிடம் போனேன். படிப்பை அப்போதுதான் முடித்திருந்த பையன். சார்ட்டைப் பார்த்தான். "டெம்பரேச்சர் நார்மலா இருக்கே சிஸ்டர்?" மாத்திரை விஷயத்தைச் சொன்னேன். சார்ட்டில் அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே எழுதியும் வைத்தேன். உள்ளே கொதிக்கிறது, குளிர் தூக்கிப் போடுகிறது, துணி நாறுகிறது என்று. "காலைல சீஃப் வரட்டும்" என்று அவன் நழுவிக்கொண்டான்.

காலையில் நான் வார்டுக்கு வந்தபோது மாமியார் திரும்பியிருந்தது. தலையணைக்கு அடியில் பார்த்தேன், மாத்திரைச் சீட்டு ஒன்றும் இல்லை. இவள் தலைவாரிப் பூ வைத்து உட்கார்ந்திருந்தாள். எனக்கு முன்பே மேடம் வந்து தானே நம்பர் கேட்டு எழுதியிருந்தார். இரண்டு.

பெரிய டாக்டர் வந்தார். பின்னால் மேடம், அந்தப் பையன், நான். "வலி இருக்காம்மா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்ல டாக்டர். நல்லாக்கீது" என்றது மாமியார்.

"அவங்கள சொல்லச் சொல்லும்மா."

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. "இல்ல டாக்டர்" என்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "சார், ஒளிச்சு வெச்சு மாத்திரை போட்டிருக்காங்க. வெஜைனல் டிஸ்சார்ஜ் நாறுது. நான் பார்த்தேன். உள்ள ஒருதடவ பரிசோதனை பண்ணிடுங்க சார்" என்றேன்.

"ஐயே, இன்னா சிஸ்டர், வாய்க்கு வந்தத சொல்றீங்க!" என்று மாமியார் எகிறியது. டாக்டர் அவளிடம், "உள்ள பாக்கட்டுமா?" என்று கேட்டார். அவள் காலை ஒடுக்கிக்கொண்டு வேண்டாம் என்று தலையாட்டினாள். அவர் வயிற்றில் தழும்பை மட்டும் பார்த்தார். அது சுத்தமாக உலர்ந்திருந்தது. சார்ட்டைப் புரட்டினார். நான் எழுதியிருந்தது கண்ணில் பட்டது. "குளிர் தூக்கிப் போடுது, துணி நாறுது… இதென்ன சிஸ்டர், கதை எழுதற இடமா இது?" என்று சிரித்தார்.

என் சொந்த ஜாதி, நர்ஸ் ஜாதி, அந்த இடத்தில் மேடம் எனக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசினார். "சாரி சார். இவங்க கொஞ்சம் எமோஷனலா இன்வால்வ் ஆயிடறாங்க. பேஷன்ட்டோட ஸ்கோர் ரெண்டுதான் சார், நானே எடுத்தேன்."

பெட்ஷீட்டை விரி என்று சொன்ன அதே மனிதரிடம் குழைந்துகொண்டு, பக்கத்தில் நிற்கிற நர்ஸின் மூக்கை நம்பாமல், தான் எழுதின இரண்டை நீட்டுகிறார். தூ! அங்கேயே துப்பியிருப்பேன், வார்டாகப் போயிற்று.

"ஆன்டிபயாடிக் எழுதித் தரேன். விடாம சாப்பிடுங்க" என்று டாக்டர் கையெழுத்துப் போட்டார். நான் மாடிப்படி வரை கூடப் போனேன். புருஷனிடம், "ஜுரம் வந்தா விழாவாவது மண்ணாவது, உடனே கூட்டிட்டு வாங்க" என்று சொன்னேன். அவன் பைக் சாவியைச் சுழற்றிக்கொண்டே சரி சிஸ்டர், சரி சிஸ்டர் என்றான். அவள் மாமியார் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

சொன்ன சொல் தவறவில்லை அவள். சனிக்கிழமை ஆட்டோவில் வந்தாள். நடந்து வரவில்லை, தூக்கிக்கொண்டு வந்தார்கள். நினைவில்லை. கையில் அப்பின சந்தனம் காய்ந்துபோய் அப்படியே இருந்தது. இங்கே ஆகாது என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே வயிற்றைத் திறந்து பார்த்தபோது சீழ் ரத்தத்தில் கலந்துவிட்டிருந்தது. திங்கட்கிழமையைப் பார்க்காமலே போய்விட்டாள்.

கொஞ்ச நாள் கழித்து ஏதோ சர்டிபிகேட் வாங்கப் புருஷன் வந்தான். மொட்டையடித்திருந்தான். என்னைப் பார்த்ததும் நின்றான். "சடங்குல நாற்காலியிலேயே உக்காந்துகினு இருந்தா சிஸ்டர். போட்டோவுக்கெல்லாம் சிரிச்சா. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல" என்று அழுதான். எனக்கு அவன்மேல் இரக்கம் வரவில்லை. வந்ததாகச் சொன்னால் பொய். கூடப் படுத்த பெண்டாட்டிக்கு உடம்பு கொதிப்பது உனக்குத் தெரியவில்லையா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. மேலே இருக்கிற டாக்டர்களுக்கே தெரியாதபோது இவனைப் பிடித்து உலுக்கி என்ன?

அந்த வருஷக் கடைசியில் மேடம் ஆய்வு முடிவைக் காலேஜ் ஹாலில் வாசித்தார். வெளிக் காலேஜ்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்திருந்தார்கள். பெரிய டாக்டர்தான் சிறப்பு விருந்தினர், சால்வை போட்டார்கள். சுவரில் புரொஜக்டர் வெளிச்சத்தில் கட்டம் கட்டமாக நம்பர்கள். பாடத்துக்கு முன் இவ்வளவு, பின் இவ்வளவு. பெரிய டாக்டர் தலையை ஆட்டி ரசித்தார். மேடத்துக்கு முகமெல்லாம் பல்.

கேள்வி கேட்கலாம் என்றார்கள். எழுந்தேன்.

"மேடம், முடிச்சூர்லேர்ந்து வந்த ஒரு பேஷன்ட், டிஸ்சார்ஜ் ஆகிப் போய் அதே வாரம் செத்துட்டாங்க. அவங்கள எதுல சேர்த்திருக்கீங்க?"

மேடம் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "இம்ப்ரூவ்ட் குரூப்ல இருக்காங்க சிஸ்டர். எட்டுலேர்ந்து ரெண்டுக்கு வந்த கேஸ். நல்ல ரிடக்ஷன்."

"செத்துப் போனவங்க மேடம்."

"நம்ம ஸ்டடி பீரியட் டிஸ்சார்ஜ் வரைக்கும்தான். அதுவரைக்கும் உயிரோடதானே இருந்தாங்க?"

"உயிரோடதான் இருந்தாங்க. வாயத் தொறந்து பேசவும் பேசினாங்க" என்றேன்.

மேடம் நன்றி என்று சொல்லி புரொஜக்டர் விளக்கை அணைக்கச் சொன்னார். முன்வரிசையில் பெரிய டாக்டர் கைதட்ட ஆரம்பித்தார். பின்னால் எல்லோரும் தட்டினார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நர்ஸ்கள், அவளைத் தூக்கி வந்த சனிக்கிழமை அந்த நாற்றத்தை என்னோடு சேர்ந்து மூக்கில் வாங்கியவர்கள், அவர்களும் தட்டினார்கள். சீழும் மலமும் வாந்தியும் துடைத்த கை என்னுடையது, ஒருநாளும் எனக்கு வயிற்றைப் புரட்டியதில்லை. அன்றைக்கு அந்தக் கைதட்டல் ஓய்வதற்குள் வெளியே ஓடிவந்து, காலேஜ் வாசல் சாக்கடையோரம் குனிந்து வாந்தி எடுத்தேன்.